ஜூன் மாதத்து மீன் வாடை

அத்தியாயம் 4

பூனை ஷூவை நக்கிக்கொண்டிருந்தது.

ராக்னா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். குடிக்க முடியவில்லை. ஷூ இறந்துபோன ஒருவருடையது. காவல் நிலையத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி மகளிடம் கொடுத்திருந்தார்கள். பை மேசைக்கு அடியில் பிரிந்து கிடந்தது. பூனை ஒரு ஷூவை முன்னங்கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடியிலிருந்து மேல்வரை நக்கியது.

"இப்படி ஒருத்தர் பாலிஷ் போட்டுத் தந்தா நானும் ஒழுங்கா வேலைக்கு வருவேன் பாஸ்," என்றான் எம்ப்ரிக்.

எம்ப்ரிக் அவளுடைய உதவியாள். கார் ஓட்டுவான், பூட்டுத் திறப்பான், இடம் தெரியாமல் பேசுவான். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில் துப்பறியும் தொழிலுக்கு வேறு ஆள் கிடைக்காததால் ராக்னா அவனைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவரின் மகள் யோரூன் எழுந்து பூனையைத் தூக்கி வெளியே விட்டாள். அது உடனே கதவைப் பிறாண்டத் தொடங்கியது.

யோரூன் எலெக்ட்ரீஷியன். அவளுடைய அப்பா ஓஸ்முண்ட் வீடு வீடாகப் போய் ஃபியூஸ் பெட்டிகளைச் சோதிக்கும் ஆய்வாளர். போன வாரம் ஹெல்கே ப்ரெக்கே வீட்டு நிலவறையில் ஷாக் அடித்து இறந்துபோனார். ஒரு ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் விழுந்து கிடந்தார். ஏப்ரலில் அந்தப் பெட்டியை மாட்டியவள் யோரூன்தான்.

திங்கட்கிழமை அவள்மேல் வழக்குப் பதிவாகும் என்று சொல்லியிருந்தார்கள். உரிமம் போகும், சிறைக்கும் போகலாம். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ராக்னாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாவைக் கொன்னது நானான்னு எனக்குத் தெரியணும். ஆமான்னாலும் சொல்லிடுங்க."

ராக்னா குனிந்து ஷூவை எடுத்தாள். தடித்த ரப்பர் அடி. மேலே தோல். தோலில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஏதோ ஒன்றில் நனைந்து காய்ந்த உப்பு.

"பனி உருக ரோட்டுல போடுற உப்பா இருக்கும்," என்றான் எம்ப்ரிக். "நவம்பர்ல யார் ஷூவுலதான் உப்பு இல்ல?"

ராக்னா ஷூவை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். உடனே தூர விலக்கினாள்.

"ரோட்டு உப்பைப் பூனை நக்காது."

அது ராக்ஃபிஸ்க். நன்னீர் மீனைக் குடல் நீக்கி, உப்புப் போட்டு, பீப்பாயில் அடைத்து, மாதக்கணக்கில் ஊறவைத்து, குழைந்து போனதும் பச்சையாகவே தின்கிற பண்டம். பள்ளத்தாக்கின் பெருமை. ராக்னா இங்கேயே பிறந்தவள். ஒரு வாய் கூட விழுங்கியதில்லை. அவளுக்கு அது பிணத்தைப் பரிமாறுவது மாதிரி. எம்ப்ரிக்குக்கு உயிர். சனிக்கிழமை மீன் திருவிழாவுக்காக ஹெல்கேயிடம் ஒரு வாளி சொல்லி வைத்திருந்தான். எல்லாரும் ஹெல்கேயிடம்தான் வாங்குவார்கள். வருஷா வருஷம் பரிசு அவருக்குத்தான்.

"ஹெல்கே போலீஸ்ல என்ன சொல்லியிருக்கார்?" என்று கேட்டாள் ராக்னா.

யோரூன் சொன்னாள். அப்பா வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு கீழே போனாராம். பெட்டியைத் தொட்டாராம். விழுந்தாராம். போலீஸ் வந்தபோது ஷூ வாசலில் ஜோடியாக இருந்தது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் ஷூவோடு நுழைவது தரையில் துப்புவதற்குச் சமம். செத்தவன் காலுறையோடு கிடந்தால் நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஆனா அப்பா கழட்ட மாட்டார்," என்றாள் யோரூன். "வேலைன்னு வந்தா மாட்டார். அந்த ரப்பர் அடிதான் உயிருன்னு சொல்வார். ஆஸ்பத்திரியில மாட்டுற நீல உறையை ஷூ மேல மாட்டிக்குவார். வீட்டுக்காரங்க முறைச்சா முறைச்சிட்டுப் போகட்டும்."

ராக்னா ஷூவை மேசைமேல் வைத்தாள்.

"வாசல்ல நின்ன ஷூ எப்படி, எம்ப்ரிக், மீன் தண்ணியில நனைஞ்சுது?"

"தாகம் எடுத்திருக்கும் பாஸ்."

அவள் சிரிக்கவில்லை. காயத்தைப் பற்றிக் கேட்டாள். வலது உள்ளங்கையில் குறுக்கே, நேர்க்கோடாக, ஒரு பட்டைத் தீக்காயம் என்றாள் யோரூன். கம்பியைப் பிடித்த மாதிரி. தன் பெட்டி முழுக்கப் பிளாஸ்டிக் மூடி. கையால் பிடிக்கிற மாதிரி அதில் எதுவும் கிடையாது. இதைப் போலீஸிடமும் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்களாம்.

பிறகு யோரூன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னொண்ணு இருக்கு. போலீஸ்கிட்ட சொல்லல. ஜூன்ல ஒரு நாள் அப்பா ஹெல்கே வீட்டைத் தாண்டிப் போயிருக்கார். மீன் வாடை அடிச்சுதுன்னார். நான் சிரிச்சேன். மீன்காரர் வீட்டுல ரோஜாவா மணக்கும்னு கேட்டேன். அப்பா சிரிக்கல. 'ஜூன்லயா?'ன்னு மட்டும் கேட்டார்."

எம்ப்ரிக் நிமிர்ந்தான். தின்கிறவனுக்கு அது புரிந்தது. மீன் பீப்பாய்க்குள் போவது ஆகஸ்ட் கடைசியில். ஜூனில் பீப்பாய்கள் கழுவிக் கவிழ்த்து வெயிலில் கிடக்கும். குளிர் அறையில் பீர் மட்டும்தான் இருக்கும்.

"வேற எது மீன் மாதிரி நாறும்?" என்றாள் ராக்னா.

"சூடேறின ஃபியூஸ்," என்றாள் யோரூன். "உள்ள இருக்கிற பிளாஸ்டிக் வேகும்போது அச்சு அசல் அழுகின மீன். படிக்கும்போதே சொல்லித் தருவாங்க. மீன் இல்லாத வீட்டுல மீன் நாறினா மெயினை ஆஃப் பண்ணுன்னு."

"நீ பெட்டி மாட்டினது ஏப்ரல். வாடை ஜூன்."

"அதனாலதான் சொல்லல."

ராக்னா கோட்டை எடுத்தாள். அவளையும் வரச் சொன்னாள். உன் பெட்டிதான் நாறினது என்று தெரிந்தால் உன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன் என்றாள். யோரூன் தலையசைத்து, டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

ஹெல்கே ப்ரெக்கே ஏப்ரனோடு கதவைத் திறந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண்கள், ஈரக் கை. அந்தக் கையை நீட்டினார். ராக்னா குலுக்கினாள். விரல்களுக்கு இடையில் வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, துணியில் தேய்த்தாள். போகவில்லை.

அவர் அவர்களுடைய கால்களைப் பார்த்தார். பிறகு வாசல் ஷூத்தட்டைப் பார்த்தார். ராக்னா பையிலிருந்து மூன்று ஜோடி நீல உறைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"நல்லவேளை," என்று முணுமுணுத்தான் எம்ப்ரிக். "என் காலுறையில பெருவிரல் காத்து வாங்கிட்டிருக்கு."

"நம்ம ஊர்ல இப்படி யாரும் பண்ண மாட்டாங்களே ராக்னா," என்றார் ஹெல்கே.

"ஓஸ்முண்ட் பண்ணினாரா?"

"சேச்சே. அவர் கழட்டி வெச்சிட்டுத்தான் வந்தார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

சமையலறையில் தட்டு தயாராக இருந்தது. இளஞ்சிவப்பாகக் குழைந்த மீன், நறுக்கிய வெங்காயம், புளித்த பாலேடு, மெல்லிய லெஃப்ஸே ரொட்டி. அவர் ஒரு துண்டைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு இரங்கல் சொன்னார். ஓஸ்முண்ட் எவ்வளவு நல்லவர், எத்தனை வருஷப் பழக்கம், எல்லாம் மெல்லுவதற்கு நடுவில் வந்தது. பாலேடு உதட்டோரம் வழிந்தது. எம்ப்ரிக் தட்டைப் பார்த்து எச்சில் விழுங்கினான். ராக்னா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தது.

ஹெல்கே கையைத் துடைக்காமலே யோரூனின் தோளில் தட்டினார்.

"எனக்கு உன்மேல கோபமே இல்லம்மா. சின்னப் பொண்ணு. கை தவறுறது எல்லாருக்கும் நடக்கும்."

யோரூன் அசையவில்லை. தோளில் ஈரமாக நான்கு விரல் அடையாளம் தங்கியது. ராக்னாவுக்கு அந்த அடையாளம் தட்டில் இருந்ததைவிட மோசமாக நாறுவதாகத் தோன்றியது.

கீழே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாக, ஒளிக்க என்ன இருக்கிறது என்றார்.

*

நிலவறைப் படிகளின் கீழ், சுவரில், யோரூனின் பெட்டி வெள்ளையாக இருந்தது. அங்கே தரை உலர்ந்திருந்தது. மறுகோடியில் எஃகுக் கதவு போட்ட குளிர் அறை. அதன் முன்னால் தரை பள்ளம். பீப்பாய்களிலிருந்து கசிந்த மீன் தண்ணீர் அங்கே குளம்போல் தேங்கி நின்றது. மேலே ஏதோ படலம் மிதந்தது. பக்கத்துச் சுவரை மறைத்துக்கொண்டு பீப்பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

யோரூன் முதலில் பெட்டியைத் தொடவில்லை. விளக்கு எரிகிற ஒரு பிளக்கில் டெஸ்டரைச் சொருகினாள். எரிந்தது. டெஸ்டர் பொய் சொல்லாது என்று தெரிந்த பிறகே பெட்டிக்கு வந்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ராணுவமா?" என்றார் ஹெல்கே.

"ஒரு கையில ஏறினா கால் வழியா இறங்கும்," என்றாள் யோரூன் திரும்பாமல். "ரெண்டு கையும் வெச்சா நெஞ்சு வழியாப் போகும். அப்பா சொன்னது."

ராக்னா எம்ப்ரிக்கைப் பார்த்து, அவனுடைய இடது கையைப் பாக்கெட்டில் போடச் சொன்னாள். அவன் போட்டான்.

மூடி திறந்தது. ஒரு கருகல் இல்லை. ஒரு கம்பி தளரவில்லை. ராக்னா முகர்ந்தாள். புதுப் பிளாஸ்டிக் மணம். யோரூன் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாக விழ வேண்டிய சுவிட்ச், பட்டென்று விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டாள்.

பெட்டி நாறவில்லை. அப்படியென்றால் ஜூனில் நாறினது எது?

ராக்னா குளிர் அறையைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். யோரூன் சொன்னாள். ஏப்ரலில் அந்த அறையின் இயந்திரம் ஓடத் தொடங்கும்போதெல்லாம் புதுப் பெட்டியின் சுவிட்ச் விழுந்தது. இயந்திரம் கசிகிறது, தூக்கிப் போடுங்கள் என்று அவள் சண்டையே போட்டாள்.

"போட்டாச்சு," என்றார் ஹெல்கே. "கோடையிலேயே புதுசு மாத்திட்டேன். இப்போ ஒரு தொல்லையும் இல்ல."

"உள்ள பார்க்கலாமா?" என்றாள் ராக்னா. "எம்ப்ரிக்கோட வாளி எப்படி இருக்குன்னு."

அவர் முகம் மலர்ந்தது. கதவோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு நீளக் குச்சியை எடுத்தார். நுனியில் கொக்கிபோல் செதுக்கியிருந்தது. அதை எஃகுக் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுத்தார். கதவு திறந்தது. குளிர் வெளியே வந்தது. அதோடு வாடையும்.

கைப்பிடி நேரான ஒரு கம்பி. ராக்னா அதையே பார்த்தாள்.

"என்ன, மந்திரக்கோலா?" என்றான் எம்ப்ரிக்.

உள்ளங்கைச் சூடு மீனுக்கு ஆகாது என்றார் ஹெல்கே. பரம்பரைப் பழக்கமாம்.

"எங்க மாமாவும் மீன் போடுறார். கையாலதான் திறப்பார்."

"அதான் உங்க மாமாவுக்குப் பரிசு வரல."

ராக்னா எம்ப்ரிக்கிடம், படியடிப் பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். ஹெல்கே எதற்கு என்றார். சும்மா, பாதுகாப்புக்கு என்றாள். எம்ப்ரிக் அணைத்தான். வீடு முழுக்க இருட்டியது. மேலே ஃபிரிட்ஜ் முனகி நின்றது. யோரூன் கைவிளக்கை ஏற்றினாள்.

"சரி, அப்போ கதவைச் சாத்திடறேன்," என்றார் ஹெல்கே.

"இருக்கட்டும்."

"குளிர் போயிடும்."

"கரண்டே இல்லியே ஹெல்கே. எப்படியும் போகத்தானே போகுது. கொஞ்சம் காத்தாடட்டும்."

அவர் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைக்குள்ளிருந்து குளிர் வெளியேறிக்கொண்டிருந்தது, நிலவறையின் சூடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. எங்கோ சொட்டு விழுந்தது. ராக்னா வாயால் மூச்சு விட்டாள். அப்படியும் வாடை நாக்கில் படிந்தது. ஹெல்கே ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் நகர்ந்து வழியை அடைத்தாள். எம்ப்ரிக் இருட்டில் மெல்ல அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான்.

டொக்.

சின்னச் சத்தம். உடனே உறுமல். மெயின் அணைந்த வீட்டில், இருட்டில், குளிர் அறை இயந்திரம் ஓடத் தொடங்கியது.

எம்ப்ரிக் திடுக்கிட்டான். நீல உறை ஈரத்தில் வழுக்கியது. விழாமல் இருக்க வலது கையைக் கதவுக் கம்பியை நோக்கி நீட்டினான். ராக்னா அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் உலர்ந்த தரையில் உட்கார்ந்தார்கள்.

"இதுக்கு நேரா அறைஞ்சிருக்கலாம் பாஸ்," என்றான்.

யோரூன் தண்ணீரை மிதிக்காமல் ஓரமாக எட்டி நின்று, டெஸ்டரின் ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தாள். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

பீப்பாய்களை எம்ப்ரிக்தான் நகர்த்தினான். பின்னால் சுவரில் பழைய ஃபியூஸ் பெட்டி இருந்தது. பீங்கான் ஃபியூஸ்களில் ஒன்றின் பிளாஸ்டிக் அடிப்பாகம் பழுப்பாக வெந்து உருகியிருந்தது. மீனை விடவும் அதிகமாக மீன் நாறியது. ஏப்ரலில் யோரூன் இணைப்பை வெட்டிவிட்ட பெட்டி. யாரோ மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே கரண்ட் இழுத்து, அது வழியாகக் குளிர் அறை இயந்திரத்துக்கு இணைத்திருந்தார்கள். மெயினை அணைத்தாலும் அது அணையாது.

"அறை சூடேறினா இயந்திரம் தானா ஓடும், ஓடினா கதவுல கரண்ட் வரும்," என்றாள் ராக்னா. "நின்னா வராது. ஓஸ்முண்ட் மெயினை அணைச்சார். அறை அப்போ சும்மா இருந்துது. வீட்டுல கரண்ட் இல்லன்னு நம்பி, தண்ணியில நின்னு, கதவைப் பிடிச்சார். நீல உறை கிழிஞ்சு ஷூ ஊறிப்போச்சு. அப்புறம் டொக்."

ஹெல்கேயின் கண் திறந்திருந்த கதவுக்குப் போனது.

"நீங்க அவரை யோரூனோட பெட்டிக்கு இழுத்துட்டுப் போனீங்க. ஷூ நாறினா மாட்டிக்குவோம்னு கழட்டினீங்க. கழட்டினதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனா பழக்கம் விடல. வாசல்ல ஜோடியா வெச்சீங்க."

"எனக்கு ஒண்ணுமே ஆனதில்லியே," என்றார் அவர். கெஞ்சும் குரல். "லேசாக் கடிக்கும். அவ்வளவுதான். அதுக்குத்தான் குச்சி வெச்சிருக்கேன்."

"குச்சியைப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா எதுக்குன்னு கேட்பார்."

யோரூன் கைவிளக்கைத் தாழ்த்தினாள். ராக்னா அவள் பக்கம் திரும்பினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீ இல்ல. உன் பெட்டி இந்த வீட்டைக் காப்பாத்திக்கிட்டே இருந்துது. அந்தத் தொல்லை தாங்காமத்தான் இவர் அதைத் தாண்டிப் பழைய பெட்டியில இணைச்சார்."

யோரூன் தலையசைத்தாள். ஒருமுறை. பிறகு ஹெல்கேயிடம் கேட்டாள். அவள் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி.

"அப்பா விழுந்ததும் முதல்ல என்ன பண்ணுனீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

"கதவைச் சாத்தினேன்," என்றார். "திறந்து கிடந்துதே. விழா வருது."

எம்ப்ரிக் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். கையில் ஃபோன் இருந்தது. திரையில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"பாக்கெட்டுல கையை வைன்னீங்க," என்றான். "சும்மா வெச்சிருக்கணும்னு சொல்லலியே."

அவன் போலீஸுக்குப் பேசினான். மின் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்க ஆள் அனுப்பச் சொல்லி யோரூன் பேசினாள். பேசி முடித்து, ஹெல்கேயின் கையிலிருந்து குச்சியை வாங்கினாள். அவர் கொடுத்துவிட்டார். சாத்தப் போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவள் கொக்கியைக் கம்பியில் மாட்டி, கதவைச் சுவரில் இடிக்கும்வரை அகலமாகத் திறந்தாள். குச்சியைக் கையோடு எடுத்துக்கொண்டு படியேறினாள்.

"சாத்துங்க," என்றார் ஹெல்கே அவள் முதுகைப் பார்த்து. பிறகு ராக்னாவைப் பார்த்தார். பிறகு எம்ப்ரிக்கை. "தம்பி, உன் வாளியும் உள்ளதான் இருக்கு."

எம்ப்ரிக் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினான்.

ஹெல்கே கதவைப் பார்த்தார். உறுமல் நிற்கவில்லை. கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார்.